பால் காய்ச்சாத பள்ளிக்கூடம்

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால்தான் மேற்கொண்டு சொல்லப் போவதை நம்புவீர்கள்.

மேலூர் போகிற வழியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் வடக்குக் கட்டடம் நான் கட்டியது. கீழே பாறை, கடைக்கால் தோண்ட முடியாது என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போன இடம். வண்டியூரைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி. மாடியோடு நான் கட்டியது. மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற பூமி. இன்றைக்கும் போய் அந்தச் சுவரில் ஒரு விரிசலைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துக்கொள்கிறேன். ரிங் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சத்துணவுக் கூடம், சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று நான் கை வைக்காத அரசுப் பள்ளி குறைவு. மதுரையைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி பள்ளிக்கூடங்கள் நிற்கின்றனவே, அந்த வளையத்தில் பாதி இந்தச் சடையாண்டி குழைத்த கலவை.

இத்தனைக்கும் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மண் சுமந்தேன், கல் சுமந்தேன், கரண்டி பிடித்தேன், ஆள் வைத்தேன், காண்ட்ராக்டர் ஆனேன். இடையில் எவனும் கை கொடுக்கவில்லை. கால் வாரிவிட்டவர்களைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரங்களிலேயே எழுதியாகிவிட்டது.

இந்த வாரம் ஒரு பொம்மையைப் பற்றி.

கோரிப்பாளையத்தில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். சிக்னலில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. போன் அடித்தது. எடுத்தால் ராதாபாய் டீச்சர். நான் கடைசியாகக் கட்டிய தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை.

"அண்ணே, நீங்க தொங்கவிட்ட பொம்மை திரும்பிக்கிச்சு."

"எங்கிட்டுத் திரும்பிக்கிச்சு?"

"கிளாஸப் பாத்து. ரோட்டப் பாத்துத்தான தொங்கவிட்டீங்க? இப்ப ஜன்னல் வழியா எங்களப் பாத்துக்கிட்டு இருக்கு."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் யாரிடமோ சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அது அவர் வீட்டுப் பேச்சு. பள்ளிக்கூடத்துக்குள் அவர் அதைப் பேசி நான் கேட்டதில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

வைக்கோல் பையன்

கட்டடம் எழும்பும்போது திருஷ்டி பொம்மை தொங்கவிடுவது எல்லா ஊரிலும் இருக்கிறது. பழைய பேண்ட், பழைய சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்கு ஒரு சட்டி, சட்டியில் கரியால் கண்ணும் மீசையும். ரோட்டில் போகிறவன் கண் கட்டடத்தின் மேல் விழாமல் பொம்மையின் மேல் விழ வேண்டும். பொம்மை அதை வாங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும்.

தொங்கவிடுவதில் பெரிய விஷயம் கிடையாது. இறக்குவதில்தான் இருக்கிறது. வீடு முடிந்து, உள்ளே அடுப்பு வைத்து, வீட்டுக்காரி பால் காய்ச்சி, பால் பொங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொத்தனார் பொம்மையில் கை வைப்பார். இறக்கி, முச்சந்திக்குக் கொண்டுபோய், உடுப்போடு சேர்த்து எரித்துவிடுவார். பால் பொங்குவதற்கு முன்னால் இறக்கினால் பொம்மை வாங்கி வைத்த கண்ணெல்லாம் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும் என்பது எங்கள் தொழிலில் உள்ள நம்பிக்கை. படித்தவர்கள் சிரிக்கலாம். சிரித்த ஓர் இன்ஜினியர் தன் சொந்த வீட்டுக்கு எங்களை வைத்துத்தான் பொம்மை கட்டினார்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என் கொத்தனார் செல்லப்பாண்டி வழக்கம்போல மீசை வைத்த பொம்மை செய்யப் போனார். அவர் எனக்கு மருமகன் முறை. நான்தான் தடுத்தேன்.

"மாப்ள, பள்ளிக்கூடத்துக்கு எதுக்குடா மீசைக்காரன்? இங்க கண்ணு படப்போறது புள்ளைங்க மேல. புள்ளை மாதிரியே ஒண்ணு செய்யி."

"யூனிபாரத்துக்கு எங்க மாமா போறது?"

"பெயின்ட் தொடைக்க வாங்குன பழைய துணி மூட்டையில பாரு, கெடக்கும்."

கிடந்தது. சீருடைச் சட்டை ஒன்று, நல்ல நிலையில், பொத்தான்கூடப் போகாமல். கால்சட்டை வேறு யாருடையதோ. சட்டிக்கு மீசை போடாமல் சின்ன வாயாக வரையச் சொன்னேன். மாடி வகுப்பின் ஜன்னலுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு சவுக்குக் கம்பை நீட்டி, அதில் ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டோம். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பையன் மாடியிலிருந்து ரோட்டை வேடிக்கை பார்ப்பது போலவே இருந்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மதுரையில் எந்தக் காண்ட்ராக்டருக்கும் தோன்றாத யோசனை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

பொத்தான் அமுக்கித் திறந்த கதை

கட்டடம் முடிந்தது. திறப்பு விழா சென்னையில் நடந்தது. பெரியவர்கள் அங்கே ஒரு பொத்தானை அமுக்க, இங்கே டீச்சர் ஒரு டிவிப் பெட்டிக்கு முன்னால் கைதட்டினார். என் ஆட்கள் கல்வெட்டின் திரையைக் கையால் இழுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு லட்டு.

அம்புட்டுத்தான். அடுப்பு இல்லை, பால் இல்லை. அரசாங்கக் கட்டடத்துக்கு வீட்டுக்காரி யார்?

நான் முன்னால் கட்டிய பள்ளிகளில் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது தன் வீட்டம்மாவை அழைத்து வந்து பால் காய்ச்சிவிடுவார். இது புது நகர். கருவேலங்காட்டைப் பிளாட் போட்டு வந்தவர்கள் குடியிருக்கிற இடம். யாருக்கும் யாரும் பெரிய மனிதர் கிடையாது. நகரின் பெயரை எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

செல்லப்பாண்டி அப்போதே சொன்னார். "மாமா, பால் காய்ச்சல. நான் இறக்க மாட்டேன்." அடுத்த வேலை கையில் இருந்தது. பொம்மை அங்கேயே நின்றுவிட்டது.

பொம்மையை இறக்க ஆள் அனுப்பச் சொல்லி டீச்சர் எழுதிப் போட்டார். ஒன்றிய அலுவலகத்தில், அந்தப் பகுதியை மாநகராட்சியோடு சேர்த்தாயிற்று, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். மாநகராட்சியில், இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றார்கள். பள்ளிக்கூடமே இரண்டு கைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பொம்மையை யார் கவனிப்பார்கள்?

கடைசிப் பெயர்

போன் வந்த அன்று நேராக அங்கே போனேன். டீச்சர் சொன்னது சரிதான். பொம்மை முதுகை ரோட்டுக்குக் காட்டி, முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து நின்றது. ஐந்தாம் வகுப்பு அது. டீச்சரே நடத்துகிற வகுப்பு. பிள்ளைகள் பயந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"காத்துல சுத்தியிருக்கும் டீச்சர்," என்றேன்.

"இருக்கும். நீங்க கொஞ்சம் உக்காருங்க. நான் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்."

பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பில் எழுந்து போனவன், பேரன் பேத்தி எடுத்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர். கடைசிப் பெயர் முடிந்தது. டீச்சர் பேனாவை மூடினார்.

அப்போது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார்கள்.

"சேது."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பதில் சொல்ல ஓர் ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி. ஜன்னலுக்கு வெளியே கயிறு கிறீச்சென்றது. பிறகு பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள்.

"இந்தக் கிளாஸ்ல சேதுன்னு யாரும் இல்லண்ணே," என்றார் டீச்சர்.

முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்டேன். "யாரு தாயி சேது?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். "சட்டையில எழுதியிருந்துச்சு தாத்தா. அது ரோட்டப் பாத்து நின்னப்ப அதோட முதுகு எங்க பக்கம் இருந்துச்சுல்ல. காலருக்குக் கீழ, செவப்பு நூல்ல. படிச்சோம். கூப்புட்டோம்."

"கூப்புட்டா?"

"பேரு சொல்லிக் கூப்புட்டா யாருன்னாலும் திரும்பத்தான செய்வாங்க," என்றாள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் எங்கள் வாத்தியார் கொஞ்ச நாள் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கூடப் படித்தவன் பின்னாளில் சொன்னான். நான் மண் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிற நேரமாக இருந்திருக்கும். சில காலைகளில் ஏணியின் பாதியில் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று அவன் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

சரி, பொம்மைக்கு வருகிறேன். மாடிக்குப் போய், பொம்மையை ரோட்டுப் பக்கம் திருப்பி, இடுப்பில் இரண்டு பக்கமும் கட்டுக்கம்பி கொடுத்துக் கைப்பிடிச் சுவரின் கம்பியோடு சேர்த்து முறுக்கினேன். நான் போட்ட முறுக்கு புயலுக்கும் அவிழாது. சாரத்தில் ஆளை நிறுத்தி வேலை வாங்குகிறவன் கட்டுகிற கட்டு அது.

முதுகு

அடுத்த வாரம் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சத்தமே இல்லாத குரல்.

"பொம்மையப் பாத்துப் பயந்து எட்டுப் புள்ளைங்களோட அம்மாமாரு வந்து டிசி கேக்கறாங்கண்ணே. தனியார் பள்ளி வேன் நம்ம கேட் வாசல்லயே வந்து நிக்குது. இன்னும் கொறஞ்சா பக்கத்துப் பள்ளியோட சேத்து இதப் பூட்டிருவாங்க. நீங்க கட்டுன கட்டடம் குடோனாத்தான் ஆகும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. செல்லப்பாண்டியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் போய்ப் பார்த்தால், கம்பி அறுபடவில்லை. முறுக்கு அவிழவில்லை. நான் கட்டிங் பிளேயரால் கடித்து மடக்கிய நுனி மடக்கியபடியே இருந்தது. பொம்மை மட்டும் வகுப்பைப் பார்த்து நின்றது. கம்பிக்குள்ளேயே திரும்பியிருந்தது.

செல்லப்பாண்டி கம்பியைத் தொட்டுப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி திருப்பிக் கட்டுறேன், பிடி மாப்ள," என்றேன்.

அதற்குள் கீழே கேட் பக்கம் ஒரு பெண் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. பிள்ளையைச் சேர்க்க வந்தவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் உறை, எண்ணெய் வைத்து வாரிய தலை. டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக அவரை எதிர்கொண்டு போனார். எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு அட்மிஷன்.

அந்தப் பெண் டீச்சரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமிதான் பேசினாள். மாடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அண்ணே இங்கனதான் இருக்கு."

நான் இறங்கி வருவதற்குள் அந்தப் பெண் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. என்னைப் பார்த்து, "இத மாட்டுனது யாருய்யா?" என்று கேட்டார்.

"நாந்தான் தாயி."

"சட்டை எங்க கெடச்சுது?"

"பழைய துணி மூட்டையில."

"அந்த 'சே'வுக்குக் கொம்பு கோணலா இருக்கும் பாருங்க. எனக்கு எழுத வராது. அவந்தான் பென்சில்ல எழுதிக் குடுத்தான். அது மேலயே தச்சேன். ஆஸ்டல்ல எல்லாப் புள்ளைக்கும் ஒரே சட்டை, மாறிப் போயிருதுன்னு."

அவர் பெயர் பஞ்சவர்ணம். மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிற வேலைக்குப் போன குடும்பம். மகன் சேது அரசு விடுதியில் தங்கிப் படித்தவன். கைவிட்ட குவாரிக் குழியில் தண்ணீர் நிற்குமே, அதில் குளிக்கப் போனான். குழி ஆழம். எடுத்தபோது முகத்தைப் பார்க்கத் தாயை விடவில்லை. அவனுடைய துணிமணிகளைச் சொந்தக்காரர்கள் கட்டி எங்கோ கொடுத்துவிட்டார்கள். பிறகு அந்த ஊரில் இருக்க மனதில்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் குடி வந்தார். யாரோ கைகாட்டிக் கூட்டி வந்த மாதிரி, வீடு கிடைத்தது இந்த நகரில், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில்.

அவன் வகுப்பைப் பார்க்கத்தான் திரும்பினான் என்று டீச்சரும் பிள்ளைகளும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முகம் ரோட்டைப் பார்த்திருந்தால் அந்தத் தாய் கண்ணுக்குக் கரியால் வரைந்த ஒரு சட்டிதான் தெரிந்திருக்கும். முதுகைக் காட்டினான். பெயர் தெரிந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் அவர் தாமதித்திருந்தால் நான் திருப்பிக் கட்டியிருப்பேன்.

"எம்புட்டு நாளா வெயில்ல நிக்கிறான்," என்றார் பஞ்சவர்ணம். "எறக்கி விடுங்கய்யா. எங்கிட்டக் குடுத்துருங்க."

டீ போடுவதாகச் சொல்லி

செல்லப்பாண்டி மறுத்துவிட்டார். "இம்புட்டு நாளு அது வாங்குன கண்ணு பூரா உள்ள இருக்கு மாமா. பால் பொங்காம எறக்குனா இந்தப் புள்ளைங்க மேலதான் எறங்கும். அந்தத் தாய்க்கு இன்னொரு புள்ள இருக்குல்ல, அதுவும் இங்கதான படிக்கப் போகுது?"

டீச்சருக்கு வேறு பயம். அரசுப் பள்ளியில் பூஜை செய்தார்கள் என்று எவனாவது போனில் படம் பிடித்துப் போட்டால் வேலைக்கே ஆபத்து வந்துவிடும். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடம், அதில் தப்பு நடக்க விடமாட்டேன் என்றார்.

இருவரையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? "சாமி படம் வேணாம், சூடம் வேணாம், தேங்கா வேணாம். மாடி வராண்டாவுல மூணு செங்கல், ஒரு சட்டி, பால். யாராச்சும் கேட்டா டீ போடுறோம்னு சொல்லுங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல டீ குடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றேன். டீச்சர் யோசித்தார். "டீத்தூளும் வாங்கிட்டு வந்துருங்கண்ணே. பொய்யா இருக்க வேணாம்," என்றார்.

அடுத்த நாள் காலை, பள்ளி தொடங்குகிற நேரம். வராண்டாவில் அடுப்பு மூட்டினோம். வீட்டுக்காரி யார் என்ற கேள்வி வந்தது. டீச்சர் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். அவர் குந்தி உட்கார்ந்து பால் ஊற்றினார்.

தீ நன்றாகப் பிடித்தது. சுள்ளி காய்ந்த சுள்ளி. ஆனால் பால் அசையவில்லை. ஆடைகூடக் கட்டவில்லை. வெள்ளைப் பளிங்கு மாதிரி கிடந்தது. அந்தப் பக்கம் ஓர் ஊதல் காற்றும் இல்லை. செல்லப்பாண்டி இன்னும் சுள்ளி வைத்தார். சட்டியின் அடி சிவந்தது. பால் சும்மா இருந்தது. என் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பால் காய்ச்சிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பாலைப் பார்த்ததில்லை.

"நேரமாகுது. நான் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்," என்று டீச்சர் உள்ளே போனார். அவருக்கு அங்கே நிற்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. உள்ளேன் டீச்சர். உள்ளேன் டீச்சர். கடைசிப் பெயர் முடிந்தது. பிறகு அந்தத் தாழ்ந்த குரல், எல்லாரும் சேர்ந்து.

"சேது."

பிள்ளைகள் இடம் விட்டார்கள். கயிறு கிறீச்சென்றது. பஞ்சவர்ணம் அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"எங்கூட வாரான் டீச்சர்."

பால் பொங்கியது. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் எழும்பி, தீயை அணைத்து, செங்கல்லுக்கு மேல் ஓடியது.

சட்டை

செல்லப்பாண்டி கம்பியை வெட்டினார். நான் தோளைப் பிடித்தேன். வைக்கோல் பொம்மையை ஒரு கையில் தூக்கலாம். இதைத் தூக்க நாங்கள் இரண்டு பேரும் திணறினோம். மழை பெய்து நெடுநாள் ஆகியிருந்தது, நனைந்த வைக்கோல் என்றும் சொல்ல முடியாது. வெயிலில் நின்ற சட்டை சூடாக இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் சட்டைக்குள் கை விட்டபோது வைக்கோலும் சூடாக இருந்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் முதுகுச் சூடு.

சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டுகள், பென்சில் முனைகள், புளியங்கொட்டை, காய்ந்து போன முட்டை ஓடு. பிள்ளைகள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டித் தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பஞ்சவர்ணம் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"தாயி, உடுப்போட எரிக்கணும்," என்றார் செல்லப்பாண்டி. "வெறும் ஒடம்போட எரிச்சா போகாது. திரும்பி வந்துரும்."

அந்தத் தாய் கையை எடுக்கவில்லை. மகனின் முகத்தைத் தொடக் கொடுத்து வைக்காத கை அது. அந்தச் சட்டையை விடாது என்று பார்த்த எவனுக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சட்டையைக் கழற்றினேன். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போடுகிற வெள்ளைச் சட்டை. அத்தனை பிள்ளைகளும் ஜன்னல் வழியாகப் பார்க்க, வெறும் பனியனோடு நின்று, என் சட்டையைப் பொம்மைக்குப் போட்டுவிட்டேன்.

செல்லப்பாண்டியின் முகம் மாறியது. "மாமா, அது அம்புட்டையும் வாங்கி வெச்சிருக்கு. ஒங்க சட்டையப் போட்டா ஒங்க பேருல போயிரும்."

"போகட்டும். எம்பேரு எங்கயும் போனதில்ல. அங்கயாச்சும் போகட்டும்," என்றேன்.

பனியனோடு நான்தான் முச்சந்திக்குத் தூக்கிப் போனேன். வழியில் கனம் குறைந்துகொண்டே வந்தது. தீ வைக்கும்போது வெறும் வைக்கோல்தான். பஞ்சவர்ணம் சட்டையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளை இரண்டாம் வகுப்பில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். மாடியில் உண்மையாகவே டீ போட்டார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது.

கல்

அதற்குப் பிறகு டிசி கேட்டு யாரும் வரவில்லை. போனவர்களிலும் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. சேது என்று யாரும் கூப்பிடுவதில்லை.

முன்பு ஒரு காலத்தில், நான் கொத்தனாராக முதன்முதலில் பூசி முடித்த பள்ளிச் சுவரில், ஈரம் காய்வதற்குள் கரண்டி நுனியால் என் பெயரை எழுதினேன். சிமென்ட் மூட்டைக்குக் கையெழுத்துப் போடுவதற்காகக் கற்றுக்கொண்ட எழுத்து. மறுநாள் போனால் மேஸ்திரியைக் கூப்பிட்டு அதன் மேல் பூசச் சொல்லியிருந்தார்கள். என் கையாலேயே பூசினேன். அன்றிலிருந்து எத்தனை கட்டடம். எந்தக் கல்லிலும் நான் இல்லை. இந்தப் பள்ளியின் கல்வெட்டிலும் பொத்தான் அமுக்கியவர்கள் இருக்கிறார்கள், கூட நின்றவர்கள் இருக்கிறார்கள், மேற்பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கல்லைச் சுமந்து வந்து ரசமட்டம் பார்த்துப் பதித்தவன் இல்லை.

இதுவரை அதைப் பெருந்தன்மையாக விட்டிருந்தேன். இப்போது விட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற மாதம் ராதாபாய் டீச்சரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தார். சுகரைக் கேட்டார். பிறகு பேச்சை இழுத்தார்.

"என்ன டீச்சர், சொல்லுங்க."

"அண்ணே, புள்ளைங்க இப்ப கடைசியில ஒங்க பேரச் சொல்றாங்க. நான் வேணாம்னு அதட்டிப் பாத்துட்டேன். ஒங்க சட்டையப் பாத்தாங்கள்ல, அன்னைக்கே பேரக் கேட்டாங்க, நாந்தான் சொன்னேன். சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்காங்க."

காலையில் அவர் வருகை எடுத்து முடிக்கிற நேரம் எனக்குத் தெரியும். அவர் சொல்வதற்கு முன்பே தெரியும். டீக்கடையில் நின்றாலும், புது சைட்டில் நின்றாலும், அந்த நேரத்துக்கு முதுகுப் பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள். தாழ்ந்த குரல், நிறையப் பேர். நான் திரும்பிவிடுகிறேன். திரும்பக் கூடாது என்று நினைத்தாலும் உடம்பு திரும்பிவிடுகிறது. சாரத்தின் மேல் நிற்கும்போதும், ஒரு கால் பலகைக்கு வெளியே போகிற அளவுக்கு.

ஆகவே, ஒன்றியமோ மாநகராட்சியோ, அந்தப் பள்ளி இன்று யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் சொல்கிறேன். கல்வெட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. 'இதைக் கட்டியவரும், பால் காய்ச்ச வைத்துத் திறந்தவரும் வீ. சடையாண்டி' என்று அதில் வெட்டுங்கள். செய்தவன் பெயர் செய்த இடத்தில் இருக்க வேண்டும். அங்கே நின்றுவிட்டால் அது ஆளைத் தேடி வராது. எழுத்து ஆழமாக இருக்கட்டும், பூசி மறைக்க முடியாதபடி.

பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். கூப்பிட வேண்டாம்.